பழைய 401கே பணத்தில் வாடகை வீடு: அமெரிக்கத் தமிழர்களுக்குப் படிப்படியாக

முன்பு வேலை பார்த்த கம்பெனியின் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் கிடக்கிறது, அதில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். முதலில் அந்தப் பணத்தை ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஐ.ஆர்.ஏ. கணக்கை 1974-இல் கொண்டுவந்த சட்டம் நிலத்தையோ வீட்டையோ தடுக்கவில்லை. ஆயுள் காப்பீடு, கலைப்பொருள் போன்றவைதான் ஆகாது. ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள்: அந்த வீடு உங்களுடையது அல்ல, உங்கள் கணக்கினுடையது.

படி 1: செல்ஃப்-டைரக்டட் ஐ.ஆர்.ஏ. (எதில் முதலீடு செய்வது என்று நீங்களே முடிவு செய்யும் கணக்கு) தரும் கஸ்டோடியனிடம், அதாவது கணக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனத்திடம், கணக்கு தொடங்குங்கள். அது வங்கியாகவோ அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுமதி பெற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வருடக் கட்டணத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீடு நல்லதா, விலை சரியா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். அது உங்கள் வேலை.

படி 2: பணத்தை நேரடி ரோல்ஓவராக, அதாவது உங்கள் கைக்கு வராமல் பழைய கணக்கிலிருந்து நேராகப் புதிய கணக்குக்கு, மாற்றச் சொல்லுங்கள். காசோலை உங்கள் பெயருக்கு வந்தால் 20 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தொகையையும் கையிலிருந்து போட்டு, 60 நாளுக்குள் முழுப் பணத்தையும் புதிய கணக்கில் கட்ட வேண்டியிருக்கும்.

படி 3: ஒப்பந்தத்தில் வாங்குபவராக உங்கள் பெயர் வரக்கூடாது. 'உங்கள் ஐ.ஆர்.ஏ.வின் நலனுக்காக' என்று கஸ்டோடியன் பெயரில்தான் எழுத வேண்டும். முன்பணமும் கணக்கிலிருந்தே போக வேண்டும். அவசரத்தில் சொந்தச் செக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 4-இல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள், உங்கள் துணை, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமகன், மருமகள் ஆகியோர் அந்த வீட்டில் தங்கக்கூடாது. அவர்களிடமிருந்து வாங்கவோ அவர்களுக்கு விற்கவோ கூடாது. ஊரிலிருந்து வரும் அம்மாவை ஒரு வாரம் தங்கவைத்தாலும் மீறல்தான். முழு வாடகை கொடுத்தாலும் மாறாது. உடன்பிறந்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. நீங்களே பெயிண்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாவற்றையும் தவிர்த்து, கணக்கிலிருந்து கூலி கொடுத்து ஆள் வையுங்கள். நீங்கள் இந்த விதியை மீறினால், அந்த ஆண்டின் ஜனவரி 1 முதலே அது ஐ.ஆர்.ஏ. இல்லாமல் போகும். வழக்கமான (டிரடிஷனல்) ஐ.ஆர்.ஏ. என்றால் முழுத் தொகைக்கும் வருமான வரி; 59½ வயதாகாதவர்களுக்குப் பொதுவாக அதற்கு மேல் 10 சதவீதம்.

கடன் வாங்கினால், நீங்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்காத நான்-ரிகோர்ஸ் கடனாக இருக்க வேண்டும். கடனில் வாங்கிய பங்குக்குரிய வருமானத்துக்கு ஐ.ஆர்.ஏ.வே வரி கட்ட நேரலாம். அதற்குப் படிவம் 990-டி. முதல் வீட்டைக் கடன் இல்லாமல் வாங்குங்கள் என்பேன்.

வாடகை முழுவதும் கணக்குக்குள் வரும். சொத்து வரி, இன்சூரன்ஸ், பழுது எல்லாம் அங்கிருந்தே போகும். கூரை ஒழுகும்போது கணக்கில் பணம் இல்லையென்றால் உங்கள் பையிலிருந்து கொடுக்க முடியாது. புதிதாகப் போடவும் உச்சவரம்பு உண்டு: 2025-இல் 50 வயதுக்குக் கீழ் அது ஆண்டுக்கு 7,000 டாலராக இருந்தது. அதனால் கணக்கில் இருப்பதை எல்லாம் வீட்டில் கொட்டாதீர்கள். ஒரு வருடச் செலவுக்காவது ரொக்கமாக விட்டுவையுங்கள்.