'வந்தான்' என்ற சொல்லைப் பிரித்தவர்களுக்கு இத்தாலிய வினைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியத்தில் 'வா' என்றால் 'போ'. அந்தாரே (போதல்) என்ற வினையின் ஏவல் வடிவம் அது. 'அவன் போகிறான்' என்பதற்கும் அதே 'வா'தான். என்னிடம் இத்தாலியம் படிக்க வருகிறவர்களிடம் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன். உடனே ஒரு கேள்வி வரும்: "அந்தாரே என்ற சொல்லில் வகரமே இல்லையே, இந்த 'வா' எங்கிருந்து வந்தது?"

நியாயமான கேள்வி. இதற்கு வழி நம் பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. "வந்தான்: வா (வ) + த் (ந்) + த் + ஆன். வா என்பது வ எனக் குறுகியது விகாரம்." தேர்வுக்காக இதை எத்தனை முறை எழுதியிருப்போம்! வா, வந்தான், வருகிறான் என்று பகுதி வேறு வேறு முகம் காட்டுகிறது. 'ஆன்' விகுதி அசையாமல் நிற்கிறது. இத்தாலியத்தின் ஒழுங்கற்ற வினைகளும் பெரும்பாலும் இப்படித்தான். ஆட்டம் பகுதியில்தான் இருக்கும், விகுதி அதிகம் ஆடாது. அந்தாரேயில் லத்தீனின் இன்னொரு வினையான வாதெரேயும் வந்து கலந்துவிட்டது. அதனால்தான் வாதோ (போகிறேன்), வாய், வா, அந்தியாமோ, அந்தாதே, வன்னோ என்று இரண்டு பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. பட்டியலை முழுசாக நெட்டுருப் போடுவதற்கு முன்னால் பகுதி எது, விகுதி எது என்று பிரித்துப் பாருங்கள். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே 'த்த', 'ச்ச', 'ர்ர' என்று இரட்டையாக எழுதியிருந்தால் இத்தாலியத்திலும் இரட்டை, ஒற்றையாக எழுதியிருந்தால் அங்கேயும் ஒற்றை. 'ச' வரும் இடத்தில் 'பச்சை'யில் வரும் ஒலியை அழுத்தாமல் சொல்லுங்கள். 'ஸ' என்பதற்கு எழுதியிருக்கிற ஒலியேதான்.

நான் மிக அதிகமாகத் திருத்துகிற தவறு, அகராதியில் இருக்கும் வடிவத்தையே பகுதி என்று எடுத்துக்கொள்வது. ஃபாரே என்றால் செய்தல். 'ரே'யை வெட்டிவிட்டு 'செய்துகொண்டிருந்தேன்' என்பதற்கு 'ஃபாவோ' என்று எழுதிவிடுவார்கள். சரியான வடிவம் ஃபசேவோ. நடுவில் இந்தச் சகரம் எப்படி வந்தது? லத்தீனில் இது ஃபாகெரே. சொல் தேய்ந்து ஃபாரே ஆனாலும் பழைய பகுதி உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ஃபசேவோ, ஃபசெந்தோ (செய்துகொண்டு), ஃபசெஸ்ஸி (நான் செய்தால்) என்று அது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. தீரே (சொல்லுதல்) பழைய தீகெரே. திசேவோ, திசெந்தோ, திசெஸ்ஸி. பேரே (குடித்தல்) பழைய பெவெரே. பேவோ, பெவேவோ, பெவூதோ. மொழிபெயர்த்தலைக் குறிக்கும் த்ரதூர்ரேயும் இதே இனம், த்ரதூகோ, த்ரதுசேவோ. ஆக, இந்த வினைகளுக்கு அகராதி வடிவத்தின் பக்கத்திலேயே பழைய பகுதியையும் எழுதி வையுங்கள். நாலைந்து வினைதான், ஆனால் பேச்சில் தினமும் வருகிறவை.

அடுத்தது கொஞ்சுந்தீவோ. நினைப்பு, ஐயம், விருப்பம் ஆகியவற்றைச் சொல்லும் வினை வடிவம் இது. இதில் 'வாதி' என்ற தவறு இத்தாலியர்கள் வாயிலேயே வரும். பர்லாரே (பேசுதல்) 'பர்லி' ஆகிறதே, அந்தாரேயும் 'ஆரே'யில்தானே முடிகிறது என்ற எண்ணத்தில் இகரத்தைப் போட்டுவிடுகிறார்கள். இந்த வகை வினைகளுக்கு நிகழ்காலத் தன்மை ஒருமையிலிருந்து தொடங்க வேண்டும். வாதோ என்பதிலிருந்து வாதா. வெங்கோ (வருகிறேன்), வெங்கா. தீகோ, தீகா. ஃபச்சோ, ஃபச்சா. எஸ்கோ (வெளியே போகிறேன்), எஸ்கா. 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் மட்டும் பழைய பகுதி திரும்பிவிடும். அந்தியாமோதான், 'வாதியாமோ' கிடையாது. இந்த வழியில் வராதவை சில உண்டு. எஸ்ஸெரேக்கு (இருத்தல்) ஸீயா, அவேரேக்கு (உடைமை) அப்பியா, தாரேக்கு (தருதல்) தீயா, ஸ்தாரேக்கு (ஓரிடத்தில் அல்லது ஒரு நிலையில் இருத்தல்) ஸ்தீயா, ஸபேரேக்கு (அறிதல்) ஸப்பியா. இந்த ஐந்தை மட்டும் நெட்டுருப் போட்டே ஆகவேண்டும்.

வடிவம் தெரிந்தும் தவறு விடுவதற்குத் தமிழும் ஒரு காரணம். 'அவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்', 'அவர் வீட்டில் இருக்கிறார் என்று சொல்கிறான்': இரண்டிலும் 'இருக்கிறார்' மாறவில்லை. எல்லாவற்றையும் 'என்று' தாங்கிக்கொள்கிறது. இத்தாலியத்தில் அப்படி விடமாட்டார்கள். 'சொல்கிறான்' என்றால் தீசே கே ஏ ஆ காஸா, சாதாரண 'ஏ' (இருக்கிறார்) போதும். 'நினைக்கிறேன்' என்றால் பென்ஸோ கே ஸீயா ஆ காஸா. 'நினைத்தேன்' என்று கடந்த காலத்துக்குப் போனால் பென்ஸாவோ கே ஃபொஸ்ஸே ஆ காஸா. தெருவில் இத்தாலியர்களே 'பென்ஸோ கே ஏ' என்று சொல்லக் கேட்பீர்கள். அதை நம்பி சியேனா, பெரூஜா பல்கலைக்கழகங்கள் நடத்தும் மொழித் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். 'என்று' என மனதில் ஓடும்போதே அதற்கு அடுத்த சொல் என்ன என்று ஒரு நொடி பாருங்கள். நினைப்பு, பயம், ஆசை என்றால் கொஞ்சுந்தீவோ.

இதைப் படித்தால் மரியாதைப் பேச்சும் கைகூடிவிடும். நமக்கு 'நீங்கள்' பன்மையும் மரியாதையும் ஆகும். அதனால் ஒரு பெரியவரை அழைக்கும்போதும் நம்மவர்கள் 'வெனீதே' என்று பன்மையில் சொல்லிவிடுகிறார்கள். பலரை அழைக்கத்தான் அது. ஒருவரை மரியாதையாக அழைக்க 'வெங்கா', அதாவது மேலே பார்த்த அதே கொஞ்சுந்தீவோ. கடையில் உங்கள் முறை வந்ததும் கடைக்காரர் "மி தீகா" என்பார். 'சொல்லுங்க' என்று பொருள். பழகியவர் என்றால் "திம்மி", 'சொல்லு'. தெற்கு இத்தாலியில் பன்மையை மரியாதைக்குப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் உண்டுதான், ஆனால் அலுவலகத்திலும் தேர்விலும் அதை நம்பவேண்டாம். இன்னொன்று, 'போகாதே' என்று சொல்ல 'வா' வடிவத்துக்கு முன்னால் 'நோன்' போட்டால் தவறு. நோன் அந்தாரே, அகராதி வடிவம் அப்படியே வரும்.

தாரே (தருதல்) நமக்கு மறக்காது, 'தாரேன்' என்று வீட்டில் பேசுகிறவர்கள்தானே. உறவு ஒன்றும் இல்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. இந்த வினையிலும் இதன் கூட்டாளி ஸ்தாரேயிலும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. பர்லாரே எதிர்காலத்தில் பர்லெரோ ஆகும், அகரம் எகரமாகும். அதைப் பார்த்து 'தெரோ' என்று எழுதாதீர்கள், தரோ, ஸ்தரோ, ஃபரோ என்று அகரம் அப்படியே நிற்கும். 'நான் தந்தால்' என்பதில் நேர்மாறு: 'தஸ்ஸி' தவறு, தெஸ்ஸி சரி. ஸ்தெஸ்ஸியும் அப்படியே. அப்புறம், 'ஆல்' வருகிற பக்கத்தில் 'அவ்ரேய்' போன்ற நிபந்தனை வடிவத்தைப் போடாதீர்கள். 'நேரம் இருந்தால் போவேன்' என்பது ஸே அவெஸ்ஸி தெம்போ, அந்த்ரேய். 'ஸே' பக்கம் அவெஸ்ஸி, மறுபக்கம்தான் அந்த்ரேய்.

துணைவினையில் சுருக்கமாக: 'போனேன்' என்பதற்கு 'ஓ அந்தாதோ' கிடையாது, ஸோனோ அந்தாதோ. போதல், வருதல், இருத்தல் எல்லாம் எஸ்ஸெரேயோடு சேரும். பெண்கள் ஸோனோ அந்தாதா என்று சொல்ல வேண்டும். 'போனான், போனாள்' என்று பிரிக்கிற நமக்கு இது புதிதல்ல. ஆனால் தமிழில் 'போனேன்' எல்லோருக்கும் பொது என்பதால் தன்மையில் மறந்துவிடுகிறார்கள்.

கதைகளிலும் வரலாற்றிலும் வருகிற பஸ்ஸாதோ ரெமோதோ என்ற இறந்தகால வடிவத்தைக் கண்டு பலர் மிரளுகிறார்கள். வடக்கில் பேச்சில் அது அரிதுதான். சிசிலியில் காலையில் நடந்ததைக்கூட அந்த வடிவத்தில் சொல்வார்கள். ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் பலேர்மோவில் அது தினசரிப் பேச்சு. இங்கே நடக்கும் தவறு, எல்லா வடிவத்தையும் ஒழுங்கற்றதாக ஆக்குவது. நான், அவன், அவர்கள் ஆகிய மூன்றில் மட்டும்தான் பகுதி மாறும்: ஃபேசி, ஃபேசே, ஃபேசெரோ. மற்ற மூன்றும் பழைய பகுதிக்கே போகும்: ஃபசெஸ்தி, ஃபசெம்மோ, ஃபசெஸ்தே. 'ஃபெசெஸ்தி' என்று ஒன்று இல்லை. ப்ரெந்தெரேயும் (எடுத்தல்) இப்படியே: ப்ரேஸி, ப்ரெந்தெஸ்தி, ப்ரேஸே. எஸ்ஸெரே, தாரே, ஸ்தாரே இந்த வழிக்கு வராது, அவற்றைத் தனியே படியுங்கள்.

இரட்டை ஒலியில் நமக்குப் பெரிய வசதி. அமை, அம்மை இரண்டையும் குழப்புகிற தமிழர் யார்? அந்த்ரேமோ என்றால் போவோம், அந்த்ரெம்மோ என்றால் '(முடிந்தால்) போவோமே' என்கிற மாதிரி ஆசை. ஒரே ஒரு மகரம்தான் வித்தியாசம். அது காதில் விழுந்தும் எழுதும்போது விட்டுவிடுகிறோம், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்.

கடைசியாகப் பியசேரே, பிடித்தல். ஆங்கிலம் வழியாக இத்தாலியம் படிக்கிறவர்கள் 'நான்' என்று தொடங்கி 'இயோ பியச்சோ' என்கிறார்கள். 'என்னைப் பிறருக்குப் பிடிக்கிறது' என்றாகிவிடும் அது. தமிழிலிருந்தே நேராகப் போங்கள். எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும்: மி பியாசே க்வெஸ்தோ லீப்ரோ. புத்தகங்கள் என்றால் மி பியச்சொனோ க்வெஸ்தி லீப்ரி. பிடித்தது என்றால் மி ஏ பியசூதோ, பிடித்தன என்றால் மி ஸோனோ பியசூதி. 'எனக்கு' என்று வாயில் வந்ததும் முதல் சொல் 'மி', வினை புத்தகத்தோடு சேரும்.