கருவின் இதயத்தில் வெண்புள்ளி: ஸ்கேன் அறிக்கையை எப்படிப் படிப்பது?

கருவின் உறுப்புகளில் குறை உள்ளதா என்று பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் அறிக்கையில் ‘எக்கோஜெனிக் இன்ட்ராகார்டியாக் ஃபோகஸ்’ (இதயத்துள் வெண்புள்ளி) என்ற வரியைக் கண்டதும், குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருப்பதாக எண்ணிக் கலங்குவோர் பலர். அது ஓட்டை அன்று; இதயக் கோளாறும் அன்று. வால்வுகளை இழுத்துப் பிடிக்கும் சிறு தசையில், பெரும்பாலும் இடது கீழறையில், நுண்ணிய அளவில் சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பதால் அவ்விடம் திரையில் எலும்பைப் போல வெண்மையாகத் தெரிகிறது. நலமான கருக்களிலும் நூற்றுக்கு 3 முதல் 5 வரை இது காணப்படுகிறது; ஆசிய வழித் தாய்மாரிடம் இன்னும் கூடுதலாகவே.

டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறு உள்ள கருக்களில் இப்புள்ளி சற்று அதிகமாகத் தென்படுவதால்தான் மருத்துவர்கள் இதைக் குறித்து வைக்கிறார்கள். ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் படிக்காமல் அறிக்கை முழுவதையும் படிக்க வேண்டும். இதயத்தின் நான்கு அறைகளும், அதிலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்களும் இயல்பாக உள்ளன என்று எழுதப்பட்டிருக்கிறதா என முதலில் பாருங்கள். பிடரித் தோலின் தடிப்பு 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பது, மூக்கெலும்பு தெரியாதிருப்பது, குடல் மிகை வெண்மையாகத் தெரிவது போன்ற வேறு குறிகள் இருந்தால் ஆலோசனையின் போக்கே மாறிவிடும்.

வேறு குறி இல்லையெனில், டவுன் சிண்ட்ரோம் அபாயத்தைக் கணிக்க மூன்றாம் மாதத்தில் செய்யும் என்.டி. ஸ்கேன் (கருவின் பிடரியில் உள்ள நீரின் அளவைப் பார்ப்பது), டபுள் மார்க்கர் (தாயின் ரத்தப் பரிசோதனை) முடிவுகளைத் தேடி எடுங்கள். அவற்றிலோ, தாயின் ரத்தத்தில் கலந்துள்ள கருவின் டி.என்.ஏ.வை ஆராயும் என்.ஐ.பி.டி. பரிசோதனையிலோ அபாயம் குறைவு என்று வந்திருந்தால், இப்புள்ளிக்காக மட்டும் மேற்கொண்டு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை என்பதே அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல். டபுள் மார்க்கர் கணக்கில் தாயின் வயது ஏற்கெனவே சேர்ந்திருப்பதால், வயதை நினைத்து மறுபடியும் அஞ்ச வேண்டியதில்லை. புள்ளி மறைந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே மீண்டும் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு என்பேன். மறைந்தாலும் நிலைத்தாலும் பொருள் ஒன்றே. கருவின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் இதற்காகத் தேவைப்படாது; கருவுறும் முன்பே தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, பெற்றோருக்குப் பிறவி இதயக் கோளாறு இருந்தாலோ, இதய அறைகள் தெளிவாகத் தெரியாவிட்டாலோ அதை எடுப்பது வேறு விஷயம்.

முன்பு எந்தப் பரிசோதனையும் செய்யாதவர்கள் என்.ஐ.பி.டி. அல்லது குவாட்ரபிள் மார்க்கர் (தாயின் ரத்தத்தில் நான்கு பொருள்களை அளக்கும் பரிசோதனை) பற்றித் தாமதமின்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பின்னதற்குக் குறிப்பிட்ட வாரங்களின் வரம்பு உண்டு. இரண்டுமே அபாயத்தை மதிப்பிடுபவை மட்டுமே என்பதால், அபாயம் அதிகம் என்று வந்தால் பனிக்குட நீர்ப் பரிசோதனையால் உறுதி செய்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.