பெற்றவர்களுக்கு உதவப்போய் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளையை அடிப்பவர்கள், கவனிக்காமல் விடுபவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்து ஒதுங்கிப்போவதுதான் முதல் தவறு. அப்படியும் சிலர் இருக்கிறார்கள்தான். ஆனால் பல வீடுகளில் நாள்கணக்காகத் தூக்கம் இருக்காது, கையில் காசு இருக்காது, குழந்தையை மாற்றி வாங்க ஆள் இருக்காது, அந்த நேரம் பார்த்து அது வீல் வீலென்று அழும்போது கை ஓங்கிவிடும்.

கைக்குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய், 6 முதல் 8 வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணியும். பால் கொடுத்து, துணி மாற்றி, காய்ச்சல் இல்லையென்று பார்த்த பிறகும் அழும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுகிறோம் பாருங்கள், அது பெரிய தவறு. தனக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று தாய் நொந்துபோகிறாள்; ஆத்திரத்தில் யாராவது குழந்தையைப் பிடித்து உலுக்கிவிட்டால் மூளையில் ரத்தம் கசிந்து பார்வை போகலாம், உயிரே போகலாம். பொறுக்க முடியவில்லையா, குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குங்கள், ஐந்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். அது அழுதுகொண்டுதான் இருக்கும், ஆனால் பத்திரமாக இருக்கும்.

அடுத்தது, உதவி என்ற பெயரில் புத்திமதி சொல்வது. என் மகளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் எதுவும் கேட்காமல் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா, ஒரு மணி நேரம் கழிச்சு எழுப்புறேன்" என்றார். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏதாவது நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் தவறு. அமெரிக்காவின் எல்மைரா நகரில் 1970களின் இறுதியில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களின் வீட்டுக்குச் செவிலியர்கள் போகத் தொடங்கினார்கள், குழந்தைக்கு 2 வயதாகும்வரை போனார்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் குழந்தைக் கொடுமைப் புகார்கள் மற்ற குடும்பங்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் தாய் அடிக்கடி அடிவாங்கிய வீடுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும்போது, தனியாக ஒரு நிமிடம் கிடைத்தால், அவளிடமும் "உனக்கு வீட்டில் ஒன்றும் பயமில்லையே?" என்று கேளுங்கள்.

வறுமையை அலட்சியம் என்று முத்திரை குத்தாதீர்கள். அப்பாவை விட்டுவிட்டு அம்மாவிடம் மட்டும் பேசாதீர்கள், இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவராகவும் இருக்கலாம்.

சரி, ஆதரவு கொடுப்பது என்றால் நடந்ததை மூடிமறைப்பதா? இல்லவே இல்லை. இன்னும் தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தடம் இருந்தால், "எங்கேயோ இடிச்சுக்கிச்சு" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வையுங்கள், முடியாதென்றால் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.