மது, புகையிலை விளம்பரத்தைக் கண்டால் முறைப்பாடு செய்வது எப்படி?

மதுசார, புகையிலைப் பொருட்களை விளம்பரப்படுத்துவதையும், அவற்றின் பெயரால் விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளுக்கு அனுசரணை வழங்குவதையும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் தடைசெய்துள்ளது. சிகரெட் பெட்டியிலும் 80 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் பிடித்துக்கொண்டுவிட்டதால், வணிகச் சின்னம் வெளியே வேறு இடங்களைத் தேடுகிறது.

எனவே முதலில் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்குச் செல்லும்போது குடையின் விளிம்பு, குளிர்சாதனப் பெட்டியின் கதவு, பணியாளரின் ரீசேட் ஆகியவற்றைக் கவனியுங்கள். பெட்டிக்கடையென்றால், பிள்ளைகள் இனிப்பு வாங்க நிற்கும் உயரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரம் உடனே ஒரு போத்தலை விற்பதற்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரும் நிறமும் வீட்டுப் பொருள்போலப் பழகிப்போவதே அதன் பெரிய பலன். இத்தகைய விளம்பரங்களை அடிக்கடி காணும் பதின்ம வயதினர் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அரைகுறைத் தடை விளம்பரத்தை இடம்மாற்றுமே தவிர நிறுத்தாது என்பதும் அவற்றில் தெளிவாகிறது.

கண்டதைப் படமெடுக்கும்போது சின்னத்தை அருகிலும், கடையின் பெயர்ப்பலகையோ வீதியோ தெரியும்படி சற்றுத் தள்ளியும் எடுங்கள். பிள்ளைகளின் முகம் வேண்டாம். திகதி, நேரம், இடம் ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முகநூலில் கண்டதாயின் இணைப்பையும் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷொட்) சேமியுங்கள். கோபத்தில் அதைப் பகிராதீர்கள். பகிர்ந்தால் நீங்களே அவர்களுக்கு விளம்பரம் செய்தவராகிவிடுவீர்கள்.

முறைப்பாட்டை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுப்பது நல்லது. பொலிசாருக்கும் மதுவரி உத்தியோகத்தருக்கும் இச்சட்டத்தின்கீழ் அதிகாரம் உண்டு. பிரதியொன்றைப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைக்கு அனுப்புங்கள். கடைக்காரரைத் திட்டி எழுத வேண்டியதில்லை. பல இடங்களில் குடையையும் பலகையையும் இலவசமாகக் கொண்டுவந்து தருபவர் வேறொருவர். அவர் யார் என்று கடைக்காரர் சொன்னால், அதையும் கடிதத்தில் சேருங்கள்.

விளையாட்டுக் கழகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை வருமுன்னரே, மது, புகையிலை நிறுவனங்களிடம் பணமோ சீருடையோ பெறுவதில்லை என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கையில் பதிந்துவிடுங்கள். பதாகை அடித்த பிறகு மறுப்பது கடினம்.