பசை வேண்டாத ஸ்னாப் கிட்: குட்டி ஜிம்னியை நிஜ வண்டியாக்குவது எப்படி

ஸ்னாப் கிட் என்பது பாகங்களாக வரும் பிளாஸ்டிக் மாடல் கார். அதற்குப் பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம். பாகங்கள் அந்தந்த நிறத்திலேயே வார்த்து வரும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், ஒரே உட்காரலில் கார் கைக்கு வந்துவிடும். அப்படி முடித்ததையே இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேஜையில் வைத்து வேலை செய்தால் வீட்டுக்கு வருபவர்கள் குனிந்து பார்க்கிற கார் ஆகிவிடும். நான் ஜப்பானின் மாடல் கம்பெனி ஆவோஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட் வரிசையில் வரும் சுசுகி ஜிம்னியை, அதாவது ஜீப் மாதிரியான அந்தக் குட்டி வண்டியை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் வேறு கார் வாங்கியிருந்தாலும் வேலை இதேதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஜப்பானில் ஓடும் மூன்று கதவு ஜிம்னியின் நீளம் 3395 மி.மீ., அதை 32ஆல் வகுத்தால் 106 மி.மீ. அதாவது கிட்டில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 32 மி.மீ. நீங்கள் பிரஷ்ஷில் கொஞ்சம் கெட்டியாகப் பெயின்ட் அடித்து அது 0.1 மி.மீ. தடிமன் ஆனால், நிஜ வண்டியில் 3 மி.மீ.க்கு மேல் பட்டி பார்த்த மாதிரி. கதவு இடுக்கே நிஜத்தில் நாலைந்து மி.மீ.தான் இருக்கும், பெயின்ட் உள்ளே இறங்கினால் அந்தக் கோடு போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், பாடிக்குப் பிரஷ் போடவே போடாதீர்கள். வார்த்து வந்த நிறத்தை அப்படியே விட்டுவிட்டு உழைப்பையெல்லாம் நிழலிலும் பளபளப்பிலும் அழுக்கிலும் போடுங்கள்.

சாமான்களுக்கு அலைய வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் சின்ன நிப்பரும் (வெட்டும் குறடு) கூர்மூக்கு ட்வீசரும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், நிப்பரின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 600, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே இருக்கும். அப்புறம் காது பட்ஸ், பல்குச்சி, மாஸ்கிங் டேப், கருப்பு, பழுப்பு, வெள்ளி நிறங்களில் அக்ரிலிக் பெயின்ட், பாத்திரம் கழுவும் லிக்விட். போதும்.

பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடேயே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பயன்படுத்திய எண்ணெய்ப் பசை மேலே இருக்கலாம், அது இருந்தால் பெயின்டும் ஸ்டிக்கரும் உரிந்து வரும். வெட்டும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். மே மாதத்தில் கஷ்டம்தான், அதனால் நான் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன். ஆனால் சைடு கண்ணாடி ஒன்று கட்டில் அடியில் போய்விட்டால் அரை நாள் போச்சு.

வெட்டுவதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஒரே வெட்டில் பாகத்தை ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளையாக ஒரு தழும்பு விழும், கருப்பு பம்பரில் அது தூரத்திலிருந்தே தெரியும். முதலில் 2 மி.மீ. விட்டு வெட்டிப் பாகத்தை விடுவித்துக்கொண்டு, பிறகு நிப்பரின் தட்டைப் பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்கும்படி வைத்து மிச்சத்தை எடுங்கள். இன்னும் மேடு தட்டினால் 600, பிறகு 1000, பிறகு 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தேய்த்த இடம் மங்கலாகிவிடும், பாடியில் அப்படி ஆனால் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் துளி எடுத்து வட்டமாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, பானட்டில் லைட்டின் வெள்ளைக் கோடு நெளியாமல் விழுகிறதா என்று பாருங்கள். நெளிந்தால் இன்னும் வேலை பாக்கி.

மாட்டிப் பார்ப்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்னாப் கிட் ஒரு தடவை இறுக்கமாகப் பூட்டிக்கொண்டால் கழற்றும்போது முளை உடையும். ஒத்திகை பார்க்கும்போது முளையின் நுனியைச் சாய்வாகக் கொஞ்சம் நறுக்கிவிடுங்கள், பிடிப்பும் இருக்கும், தேவைப்பட்டால் கழன்றும் வரும். எங்காவது தளர்ந்துபோனால் உள்பக்கமாக ஒரு துளி ஃபெவிகால் வைத்தால் சரியாகிவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் இன்ஸ்டன்ட் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளைப் பனி மூட்டமாகிவிடும். என் முதல் காரின் முன் கண்ணாடி அப்படித்தான் கெட்டது. ஃபெவிகால் காய்ந்தால் ஏறக்குறையத் தெரியாது.

இப்போது முக்கியமான வேலை, கதவு இடுக்கு. பெட்டியிலிருந்து எடுத்த கார் பொம்மையாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் அந்தக் கோடுகளில் நிழல் இல்லாததுதான். பழுப்பும் கருப்பும் கலந்து தண்ணீரில் டிகாக்‌ஷன் பதத்துக்குக் கரைத்து, பாத்திர லிக்விட் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சோப்பு இருந்தால்தான் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் கோட்டுக்குள் ஓடும். மெல்லிய பிரஷ் நுனியைக் கோட்டில் தொட்டால் போதும், கரைசல் தானாகவே இழுத்துக்கொண்டு கதவைச் சுற்றிப் போகும். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த நிமிடம் அதுதான். காய்வதற்குள் ஈர பட்ஸால் கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள், கோட்டோடு துடைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். வெள்ளை, மஞ்சள் வண்டிக்குச் சாம்பல் நிறம், சிவப்புக்குக் கரும்பழுப்பு. சுத்தக் கருப்பு வேண்டாம், கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். ஆனால் முன் கிரில்லுக்குள் மட்டும் நல்ல கருப்பே இருக்கட்டும், அங்கே நிஜமாகவே இருட்டு. இதே வேலைக்கு எனாமல் கரைசலும் விற்கிறது, ஓட்டம் அருமையாக இருக்கும். ஆனால் இறுக்கிப் பூட்டிய இடத்தில் பிளாஸ்டிக் ஏற்கெனவே விறைப்பில் இருப்பதால் தின்னர் உள்ளே கசிந்தால் விரிசல் விடும். முதல் காருக்குத் தண்ணீர்க் கரைசலே நல்லது.

டயர் ஓடும் பரப்பை 600 பேப்பரில் உருட்டினால் அச்சுக் கோடும் பளபளப்பும் போய் ரோட்டில் ஓடின ரப்பர் மாதிரி ஆகிவிடும். உள்ளே சீட் வரும் கிட் என்றால் மாஸ்கிங் டேப்பை 1.5 மி.மீ. அகலத்துக்குக் கீறிக் கருப்படித்து பெல்ட் ஒட்டுங்கள், 1.5 மி.மீ. என்றால் நிஜத்தில் 48 மி.மீ., சரியான அகலம். ஸ்டியரிங் எப்படியும் நம் ஊர் மாதிரி வலப்பக்கம்தான். ஹெட்லைட் கிண்ணத்துக்கு வெள்ளி. பின் விளக்கு நிறமில்லாத பாகமாக வந்தால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சிவப்பு கிளாஸ் பெயின்டை உள்பக்கத்தில் தடவினால் ஆழம் கிடைக்கும்.

கடைசியாகக் கிளியர் ஸ்ப்ரே அடிக்க ஆசை வரும். சென்னையில் அதற்கு நேரம் பார்க்க வேண்டும். ஸ்ப்ரேயின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து, வெள்ளைப் புகையாக அடியில் மாட்டிக்கொள்ளும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் தொடாதீர்கள். கோடையிலும் விடிகாலை ஈரம், மதியத்துக்கு மேல் கடல்காற்று. தரைக்காற்று அடிக்கும் பத்து, பதினோரு மணிதான் மொட்டை மாடிக்கு நல்ல நேரம். மாஸ்க் போட்டுக்கொண்டு, 20 செ.மீ. தள்ளி நின்று, மூன்று மெல்லிய கோட். ஒரே தடவையில் நனைக்காதீர்கள்.

அழுக்கு போடுவதற்கு முன் தெருவில் நிற்கும் வண்டிகளைப் போய்ப் பாருங்கள். ஜிம்னி மாதிரி பெட்டி வடிவ வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று தூசியைத் திரும்ப இழுப்பதால் பின் கதவில்தான் அதிகம் படியும், பக்கவாட்டில் சக்கரத்துக்குப் பின்னால் விசிறி மாதிரி. சாம்பலும் பழுப்புமான பாஸ்டல் சாக்கை வாட்டர் பேப்பரில் தேய்த்துப் பொடியாக்கி, உலர்ந்த பிரஷ்ஷால் அங்கே மட்டும் தட்டுங்கள். முன் கண்ணாடியில் வைப்பர் போகும் வளைவுக்கு மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டிவிட்டு மேலே பொடி போட்டு, டேப்பை உரித்தால் துடைத்த அடையாளம் அப்படியே நிற்கும். இதற்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் பார்க்கிற எல்லாரும் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான்.

மிச்சம் நம்பர் பிளேட். ஜப்பானில் ஜிம்னி கெய் என்ற குட்டி வண்டி வகையைச் சேர்ந்தது, அங்கே கெய் வகைச் சொந்த வண்டிகளுக்கு வழக்கமாக மஞ்சள் பிளேட், நம் கண்ணுக்கு அது கால் டாக்சி. அதனால் நான் வெள்ளையில் அச்சடித்துக்கொள்கிறேன். நம் ஊர் முன் பிளேட் 500க்கு 120 மி.மீ., கிட்டில் 15.6க்கு 3.75. பின்னால் 340க்கு 200 வகை, அதாவது 10.6க்கு 6.25. இடது ஓரத்தில் நீல ஐஎன்டி எழுத்து, அப்புறம் டிஎன் 07 அல்லது டிஎன் 09, உங்கள் ஏரியா எதுவோ அது. போட்டோ பேப்பரில் அச்சடித்து, புது பிளேடால் வெட்டி, வெட்டிய வெள்ளை ஓரத்தில் கருப்பு மார்க்கரை ஓட்டிவிட்டு ஒட்டுங்கள். பிறகு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வண்டியை வைத்து, போனைச் சுவரோடு சுவராகச் சக்கர உயரத்துக்கு இறக்கி, மாலை வெயிலில் ஒரு படம் எடுங்கள்.