பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதா? தேய்க்கறத நிறுத்திடாதீங்க

எங்க தர்மபுரி பக்கம் பல ஊர்ல போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி, சின்ன வயசுலயே பல்லுல பழுப்புக் கறை விழுந்துரும், அதை எடுக்கறேன்னு கரித்தூள், செங்கல் பொடின்னு போட்டு பரபரன்னு தேய்ப்பாங்க, நானும் தேய்ச்சவன் தான்... கறை போகாதுங்க, அது பல்லோடயே ஊறினது, ஈறு தான் புண்ணாகும்.

ஆனா ரத்தம் வர்றதுக்கு முக்கால்வாசி காரணம் ஈறோரமா படியற அழுக்கு. நாக்கால தடவிப் பாத்தா சொரசொரன்னு இருக்கும், அது காரையா இறுகிட்டா பிரஷ்ஷுக்கு வராது, பல் டாக்டர்கிட்ட ஸ்கேலிங், அதாவது காரையை சுரண்டி எடுக்கறது தான் வழி (பண்ணா பல்லு ஆடும்னு சொல்றதெல்லாம் சும்மா). ரத்தத்துக்கு பயந்து தேய்க்காம விட்டா இன்னும் மோசமாகும். சாஃப்ட் பிரஷ்ஷை ஈறு பக்கமா சாய்ச்சு வெச்சு, காலைல ராத்திரி ரெண்டு வேளையும் 2 நிமிஷம் மெதுவா தேய்ங்க. வெதுவெதுப்பான உப்புத்தண்ணி கொப்பளிச்சா வலி அடங்கும், காரை போகாது. கொய்யா, நெல்லிக்காய் சாப்பிடுங்க, புகையிலையை விடுங்க.

2 வாரத்துல நிக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க. சுகர் இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க காத்திருக்காம முன்னாடியே போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்களும் தான், ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.