சினை ஊசி தொடக்கம் இன்சுலின் வரை: நாம் விடுகிற பிழைகள்

வெல்லாவெளியில் என் மாமாவின் பசு ஒருநாள் விடியவே கத்தத் தொடங்கியது. பின்பக்கம் கண்ணாடி போலத் தெளிந்த சளி தொங்கியது. பக்கத்து மாடு மேலே ஏறியபோதும் விலகாமல் நின்றது. வேட்கை, அதாவது சினைக்கு ஏங்கும் நேரம், வந்துவிட்டது. வயல் வேலை முடியட்டும் என்று மாமா அன்றைக்கு விட்டுவிட்டார். சினை ஊசி போட, அதாவது காளையின் விந்தைக் குழாயால் செலுத்த, சினைப்படுத்துபவர் வந்து சேர்ந்தது மறுநாள் மாலை. மாடு சினை பிடிக்கவில்லை. "இந்த ஊசியெல்லாம் நம்மட மாட்டுக்குச் சரிவராது மருமகன்" என்றார் மாமா.

பிழை ஊசியில் இல்லை, நேரத்தில்தான். பசுவின் வேட்கை 12 முதல் 18 மணி நேரம் வரைதான் நிற்கும். அது அடங்கிச் சுமார் 10 முதல் 14 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம்தான். அது வருவதற்கு முன்பே விந்தணு உள்ளே போய்க் காத்திருக்க வேண்டும். அதனால்தான் காலையில் வேட்கை கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாட்டு மாட்டுக்கு வேட்கை இன்னும் குறுகியது, இரவில் வந்து போய்விடுவதும் உண்டு. எருமையோ பல நேரம் கத்துவதே இல்லை. படுக்கப் போகுமுன் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை பட்டியைச் சுற்றி வந்து பார்ப்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. ஊசி போட்ட திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். 21ஆம் நாளை ஒட்டி மாடு மறுபடி கத்துகிறதா என்று பாருங்கள். கத்தாவிட்டாலும் சினை என்று முடிவுகட்டாமல், இரண்டு மூன்று மாதத்தில் மிருக வைத்தியரைக் கொண்டு பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரும்போகம் விதைத்ததும் மாடுகளை மேய்ச்சல் தரைக்கு ஓட்டிவிடுகிறோம். நூறு மாட்டுக்குள் எது வேட்கையில் நிற்கிறது என்று யார் பார்ப்பது? நாம்பனும் (காளை) கூடவே திரிகிறது. பிறகு பிறக்கிற கன்று ஊசிக் கன்றா, நாம்பன் கன்றா என்று பட்டிக்காரருக்கே தெரியாது. முழுப் பட்டிக்கும் செய்யப் பார்க்காமல், வீட்டோடு கட்டிக் கறக்கிற இரண்டு மூன்று மாட்டில் தொடங்குவதுதான் நல்லது என்பேன்.

சினைப்படுத்துபவரின் கலனைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும். அது திரவ நைதரசன், மைனஸ் 196 பாகை. அதற்குள் கால் மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும் மெல்லிய குழாய்களில் விந்து உறைந்து கிடக்கிறது. இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் வைத்து இளக்கியதும் அதைச் செலுத்திவிட வேண்டும். இளகியதைத் திரும்ப உறைய வைக்க முடியாது. அவர் வந்த பிறகு மாட்டைத் தேடி ஓடுகிறோமே, அதுதான் பிழை. மாட்டை முன்கூட்டியே நிழலில் கட்டி வையுங்கள். வெயிலில் துரத்தி, அடித்துக் கொண்டுவந்த மாட்டில் சினை தங்குவது கடினம்.

இனத்தைத் தெரிவதிலும் ஆசை கண்ணை மறைக்கிறது. இன்னும் ஈனாத சின்ன நாட்டு நாகுக்குப் பிரீசியன் என்ற பெரிய இனத்தைக் கேட்டால் கன்று பெரிதாகி, ஈனும்போது தாய் தவிக்கும். நம் வெயிலுக்குச் சாகிவாலோ ஜேர்சிக் கலப்போ தோதானது. ஊசிக் கன்று ஏதோ மரபணு மாற்றிய கன்று என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நாம்பன் நேரில் வரவில்லை என்பதைத் தவிர, கரு இயற்கையாகவே உண்டாகிறது.

அப்புறம் தயிர். மடி வீங்கிய எருமைக்குப் பெனிசிலின் ஊசி போட்ட மறுநாளே கறந்து சட்டியில் ஊற்றினால், விடிய மூடியைத் திறக்கும்போது பால் பாலாகவே இருக்கும். உறைமோரைக் குறை சொல்வோம். உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள்தானே பாலைத் தயிராக்குகின்றன? பாலில் மிஞ்சிய பெனிசிலின் அவற்றையே கொன்றுவிடுகிறது. காய்ச்சினாலும் அந்த மருந்து முழுதாகப் போகாது. அந்தப் பாலை விற்றால் மற்றவர் பிள்ளைகள் தெரியாமலே மருந்து குடிக்கிறார்கள். நாளடைவில் மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருகுகின்றன. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்தின் உறையில் இருக்கும், மிருக வைத்தியரும் சொல்வார். அந்த நாட்களின் பால் எவருக்கும் ஆகாது.

காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய்க்கான தடுப்பூசியை, நோய் பக்கத்துப் பட்டிக்கு வந்த பிறகு தேடி ஓடிப் பயனில்லை. உடலில் எதிர்ப்பு உருவாக இரண்டு கிழமையாவது வேண்டும். அது 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய மருந்து, உறைந்தாலும் கெட்டுவிடும்.

இன்சுலினுக்கும் இதே கதைதான். காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் மூத்தம்மா, அது பன்றியிலிருந்து எடுப்பது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியையே நிறுத்திவிட்டார். சீனி ஏறி மயங்கிய பிறகுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. அவருடைய பயம் காரணமில்லாத பயம் அல்ல. முன்பு பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். மனித மரபணுவைப் பற்றீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 'மனித இன்சுலின்' என்று குப்பியில் எழுதியிருப்பது பற்றீரியாவிலோ மதுவத்திலோ (ஈஸ்ட்) வளர்த்தெடுத்ததுதான். சந்தேகம் இருந்தால் குப்பியைக் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குளிரூட்டி இருக்கிற வீட்டில் குப்பியை ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதும் பிழை. ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது. குளிரூட்டி இல்லாத வீட்டில் பெரிய மண்சட்டிக்குள் சின்னத் தயிர்ச் சட்டியை இறக்கி, இடைவெளியில் மணலை நிரப்பி நனையுங்கள். குப்பியை ஈரம் படாமல் சுற்றி உள்ளே வைத்து ஈரத்துணியால் வாயை மூடிவிடுங்கள். வெயில் படாத, காற்று வருகிற மூலையில் வைத்து, மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள்.